மூணு ரூபாய், ரெண்டணா, மூணு பை

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். வெள்ளையடிப்பதில் சுவருக்கு என்ன லாபமோ தெரியாது, பரண்மேல் இருப்பவை எல்லாம் ஒரு தடவை கீழே வந்து காற்று வாங்கிவிட்டுப் போகும். இந்தத் தடவை இறங்கியவை: சங்கிலி இல்லாத ஊஞ்சல் பலகை, எங்கள் வீட்டில் யாருமே வாசித்தது கிடையாது என்று எல்லோரும் சத்தியம் செய்கிற ஒரு ஹார்மோனியம், ஏராளமான கரப்பான்பூச்சிகள், அப்புறம் தாத்தாவின் பேரேடு.

தாத்தா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. பேரேடு 1951-ஆம் வருஷத்தியது. சிவப்புத் துணி அட்டை, மூலையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆனால் உள்ளே எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்த யாரும் நான் அவர் பேரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் (பத்தாவது) அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று கத்தினான்.

"மாமா! கொள்ளுத் தாத்தா கடையில பை யூஸ் பண்ணியிருக்காங்க!"

"பை இல்லாம புடவைய எதுலடா போட்டுக் கொடுப்பாங்க?"

"அந்தப் பை இல்ல மாமா. மேத்ஸ் பை. ஒவ்வொரு பக்கத்துலயும் தலைப்புல போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். மூன்று பத்திகள். மேலே தாத்தாவின் மணியான எழுத்தில் 'ரூ. அ. பை.'

"டேய், அது காசுடா" என்று ஆரம்பித்து, 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் இந்த தேசத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ரூபாய்க்கு 192 பை என்பதையும், அந்தப் பையைத்தான் நம் ஊரில் தம்பிடி என்றார்கள் என்பதையும், 'தம்பிடி பிரயோஜனமில்லை' என்று அவன் பாட்டி அவனை அடிக்கடி சொல்வது அதை வைத்துத்தான் என்பதையும் விளக்கினேன். கடைசித் தகவலை அவன் ரசிக்கவில்லை.

(இங்கேயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம். தாத்தாவுடையது காசுப் பை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது வட்டப் பை. வெறும் பை என்றால் காய்கறி வாங்கப் போவது.)

"எதுக்கு மாமா இவ்ளோ கஷ்டம்? பத்துப் பத்தா வெச்சிருக்கலாமே?"

பத்து மட்டும் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? கையில் பத்து விரல் இருப்பதால் பத்து. வியாபாரத்துக்கு அது அப்படியொன்றும் சௌகரியமான எண் இல்லை. பத்தை ஒரு தடவை பாதியாக்கினால் ஐந்து. அதோடு சரி, அடுத்த பாதியில் உடைந்துவிடும். பதினாறைப் பாருங்கள்: எட்டு, நாலு, ரெண்டு, ஒன்று. நம்மவர்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதாவது ரூபாயில் ஓர் அணா. இன்னொன்று, ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பங்கு போடுங்கள். தாத்தா கணக்கில் ஆளுக்கு ஐந்தணா நாலு பை, மீதியே இல்லை. நம் கணக்கில் ஆளுக்கு 33 பைசா, மிஞ்சுகிற ஒரு பைசாவுக்குச் சண்டை.

பையன் விடவில்லை. "சரி, அப்போ மேத்ஸ் பைய இந்தக் காசுப் பையில எழுத முடியுமா?"

இருபது வருஷம் கழித்து யாரோ என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். (ஆபீஸில் கேட்பதெல்லாம் 'ஸ்டேட்மெண்ட் எப்ப வரும்?' என்பதுதான்.) கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டோம். வட்டப் பை 3.14159265... என்று போய்க்கொண்டே இருக்கும். மூன்று முழு ரூபாயை எடுத்து வைத்தாயிற்று. மீதி 0.14159-ஐப் பதினாறால் பெருக்கினால் 2.265. ரெண்டணா. மீதி 0.265-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3.18. மூணு பை. அதற்கப்புறமும் கொஞ்சம் சில்லறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது என்றைக்கும் தீராது. எந்த இரண்டு முழு எண்களை வகுத்தாலும் வட்டப் பை வராது என்று 1760-களிலேயே லாம்பெர்ட் என்பவர் நிரூபித்துவிட்டார்.

மூணு ரூபாய், ரெண்டணா, மூணு பை. ரொம்ப நாளாக பேண்ட் ஷர்ட்டில் பார்த்துப் பழகிய ஆபீஸ் நண்பரைத் திடீரென்று வேட்டியில் பார்த்த மாதிரி இருந்தது.

சூடு பிடித்துவிட்டது. உலகத்தில் யார் யார் வட்டப் பைக்கு என்ன விலை சொல்லியிருக்கிறார்களோ எல்லாவற்றையும் தாத்தா கணக்குக்கு மாற்றினோம். பாபிலோனியர்கள் விட்டுப்போன களிமண் பலகை ஒன்றில் மூன்றே அரைக்கால் இருக்கிறது. சூசா என்ற இடத்தில் 1936-இல் கிடைத்தது. அது சரியாக மூணு ரூபாய் ரெண்டணா. மூணே மூணு பைதான் குறைகிறது. அத்தனை பழைய பார்ட்டிக்கு அந்தத் தள்ளுபடி கொடுக்கலாம். ஸ்கூலில் நாமெல்லாம் போட்ட 22/7? அதுவும் 3-2-3. ஆரியபட்டர் 499-இல் சொன்னபடி விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832. அதுவும் 3-2-3. தாத்தாவின் கல்லாப்பெட்டியால் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஆரியபட்டர் நேர்மையான கணக்குப்பிள்ளை; 'ஏறக்குறைய' என்று பொருள் தரும் ஒரு வார்த்தையையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார். 22/7 போடும் நாம் அதையும் சொல்வதில்லை.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. 1897-இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் எட்வர்ட் குட்வின் என்ற டாக்டர், வட்டத்தைச் சதுரமாக்கும் வித்தையைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். மற்ற மாநிலங்கள் பணம் கட்ட வேண்டும், சொந்த மாநிலத்துப் பாடப் புத்தகங்களுக்கு மட்டும் இலவசம் என்று தாராளமாக ஒரு சலுகையும் அறிவித்தார். இலவசம் என்றதும் மசோதா எண் 246 தயார். அதன்படி கணக்குப் போட்டால் வட்டப் பை 3.2. இதை முதலில் சதுப்பு நிலங்களுக்கான கமிட்டிக்கு அனுப்பினார்கள். பிறகு கீழ்ச்சபையில் 67-க்கு பூஜ்யம் என்று ஏகமனதாக நிறைவேற்றினார்கள். மேல்சபையில் அது போய்ச் சேர்ந்தது மதுவிலக்கு கமிட்டிக்கு. (இதற்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.) நல்லவேளையாக அந்தச் சமயம் வேறு வேலையாக வந்திருந்த வால்டோ என்ற கணிதப் பேராசிரியர் விஷயத்தைக் கேட்டு அதிர்ந்து, உறுப்பினர்களுக்குப் பாடம் எடுத்தார். மசோதா காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

அந்த 3.2-ஐ மாற்றினோம். மூணு ரூபாய், மூணணா, ரெண்டு பை.

3-3-2. அசல் 3-2-3. அணாவும் பையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன! இந்தியானாக்காரர்களை முட்டாள்கள் என்று எல்லோரும் நூறு வருஷமாகச் சிரிக்கிறார்கள். நான் பி.காம். என்ற முறையில் சொல்கிறேன், இது வெறும் போஸ்டிங் மிஸ்டேக். (தற்செயல்தான். டாக்டருக்கு அணா தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும்...)

இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? பதினோரு பை. அந்தப் பதினொன்றைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பழைய கதைகள் ஞாபகம் வந்தன. ஒன்று என்னுடையது.

டிகிரி முடித்ததும் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் ட்ரயல் பாலன்ஸில் 63 ரூபாய் இடித்தது. மூன்று ராத்திரி தேடினேன். நாலாம் நாள் அந்த அறுபத்து மூன்றை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். சீனியர் ஒருத்தர் வந்தார். தொகையைப் பார்த்தார். "தம்பி, ஒன்பதால வகுபடுதே, எங்கேயோ திருப்பிப் போட்டிருக்கே" என்றார். தேடினால், 81 என்று இருக்க வேண்டிய இடத்தில் 18. எனக்கு அவர் மந்திரவாதி மாதிரி தெரிந்தார். மந்திரமெல்லாம் இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். ஏன் ஒன்பது? பத்தடிமானம் என்பதால், பத்தில் ஒன்று குறைந்தால் ஒன்பது. பன்னிரண்டில் எண்ணுகிற இடத்தில் அதே தப்பு பதினொன்றைக் காட்டும். பதினாறில் எண்ணுகிற இடத்தில் பதினைந்து.

அந்தப் பதினைந்துதான் தாத்தா கதை. அப்பா சொல்லியிருக்கிறார்.

இதே 1951 பேரேடு. வருஷக் கடைசியில் ரொக்கத்தில் பதினைந்து அணா துண்டு விழுந்தது. முதலாளி வாயால் ஒன்றும் கேட்கவில்லை. கல்லாச் சாவியை மட்டும் தாத்தாவிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். தாத்தா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிப் போய், இரண்டு ராத்திரி ஒவ்வொரு சிட்டையாகப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அகப்பட்டது. வண்டிக்கூலி கொடுத்தது 3-2-0. பேரேட்டில் ஏறியிருந்தது 2-3-0. மூணு ரூபாய் ரெண்டணா என்றால் ஐம்பது அணா, ரெண்டு ரூபாய் மூணணா என்றால் முப்பத்தைந்து அணா. பதினைந்து தீர்ந்தது. அந்தப் பக்கத்தில் நுழைந்த தப்பு, 'முன் பக்கத் தொகை' என்று அடுத்த பக்கத்துக்கும் அதற்கடுத்த பக்கத்துக்கும் சவாரி செய்துகொண்டே வருஷக் கடைசி வரை வந்திருக்கிறது. தாத்தா ஒவ்வொரு பக்கமாகச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். இப்போதும் பேரேட்டில் பளிச்சென்று தெரிகிறது.

முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தாத்தா வாங்கிக்கொண்டார். அடுத்த தை மாதம் வேறு கடைக்குப் போய்விட்டார்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவன் வயசுக்கு உரிய குறுக்குவழி ஒன்றைக் கொண்டுவந்தான். "மாமா, பத்து வேண்டாம், பதினாறு வேண்டாம். அந்த வட்டப் பையையே அடிமானமா வெச்சுட்டா? தொல்லையே விட்டுதே!"

வைக்கலாம். அப்படி வைத்தால் வட்டப் பை என்பது வெறும் 10 ஆகிவிடும். விட்டம் 1 என்றால் சுற்றளவு 10, விட்டம் 10 என்றால் சுற்றளவு 100. பரீட்சையில் ஜியாமெட்ரி சென்டம். ஆனால் அந்த ஊரில் இருக்கிற இலக்கங்கள் 0, 1, 2, 3 மட்டும்தான். நாலு என்று எழுத வேண்டுமானால் 10.2201220... என்று முடிவே இல்லாமல் போக வேண்டும். ஐந்தும் அப்படித்தான், ஆறும் அப்படித்தான். முடியவே முடியாது என்பதற்கு 1882-இல் லிண்டெமான் கொடுத்த நிரூபணமே போதும். ஓட்டலில் மூணு இட்லி கேட்கலாம். நாலு இட்லி கேட்டால் சர்வர் எழுதி முடிப்பதற்குள் கடை அடைத்துவிடுவார்கள்.

இதைவிட விபரீதமும் இருக்கிறது. 1885-இல் க்ரூன்வால்ட் என்ற இத்தாலிக்காரர் அடிமானத்தை மைனஸில் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மைனஸ் பத்தை எடுத்துக்கொண்டால், 35 என்று எழுதினால் மூன்று மைனஸ் பத்தும் ஓர் ஐந்தும், அதாவது மைனஸ் 25. நம் சாதாரணப் பத்து அங்கே 190. மைனஸ் குறியே தேவையில்லை. இரண்டு இலக்கம் இருந்தால் கடன், மூன்று இலக்கம் இருந்தால் வரவு! மாதக் கடைசியில் பாஸ்புக்கை இப்படி அச்சடித்துக் கொடுத்தால் பார்க்கக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பேங்குகள் யோசிக்கலாம்.

தாத்தாவின் சிவப்பு மைக்கு வருவோம். அதே விபத்து வட்டப் பைக்கே நடந்திருக்கிறது. அங்கே சாவியைத் திருப்பிக் கொடுக்க யாரும் வரவில்லை.

வில்லியம் ஷாங்க்ஸ் என்று ஒரு இங்கிலீஷ்காரர், சின்ன ஊர் ஒன்றில் ஹாஸ்டலோடு பள்ளிக்கூடம் நடத்தியவர். ஜான் மேச்சின் 1706-இல் தந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு, வெறும் பேனாவும் பேப்பருமாக வட்டப் பையின் இலக்கங்களைப் போட ஆரம்பித்தார். 1853-இல் 607 இலக்கம். நின்றாரா? 1873-இல் 707. உலக ரிக்கார்டு. 1882-இல் காலமானார். அடுத்த அறுபது வருஷத்துக்கு மேல் அதை யாரும் முந்தவில்லை. பாரீஸில் 1937-இல் திறந்த அறிவியல் காட்சியகத்தில் ஒரு வட்டமான கூடத்தின் சுவரைச் சுற்றி அந்த 707 இலக்கங்களையும் பெரிது பெரிதாகப் பதித்தே வைத்தார்கள்.

1940-களின் நடுவில் ஃபெர்கூசன் என்பவர் வேறொரு சூத்திரத்தை வைத்துச் சரிபார்க்க உட்கார்ந்தார். 527 இலக்கம் வரை டிக் அடித்துக்கொண்டே வந்தார். 528-இல் இடித்தது. ஷாங்க்ஸ் அந்த இடத்தில் தப்பு செய்திருந்தார். அங்கிருந்து கடைசி வரை 180 இலக்கங்களும் தண்டம். வருஷக்கணக்கான உழைப்பு. பாரீஸ்காரர்கள் 1949-இல் சுவரைத் திருத்திக்கொண்டார்கள். ஷாங்க்ஸுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

அந்த 607 இலக்கம் வந்தபோதே ஒருத்தருக்கு மூக்கில் வேர்த்தது. அகஸ்டஸ் டி மார்கன். லண்டனில் பெரிய கணிதப் பேராசிரியர். பிறந்தது நம்ம மதுரையில், 1806-இல்! ஒவ்வொரு இலக்கமும் அறுபது தடவை வாக்கில் வர வேண்டும், ஏழு மட்டும் 44 தடவைதான் வருகிறதே என்று கேட்டார். நல்ல ஆடிட்டரின் கேள்வி. ஆனால் பாருங்கள், சரியான முதல் 500 இலக்கங்களிலும் ஏழு 36 தடவைதான் வருகிறது. ஆயிரம் போனால் 95 ஆகித் தேறிவிடுகிறது. ஏழு உண்மையிலேயே கொஞ்சம் லேட்டாக வருகிற ஆசாமி. சந்தேகப்பட்ட கணக்கில் தப்பு இருந்தது, சந்தேகப்பட்ட காரணம் அதுவல்ல. ஆடிட்டில் இதெல்லாம் சகஜம்.

ஷாங்க்ஸின் கஷ்டம் என்ன? 528-ஆவது இலக்கம் சரியா என்று பார்க்க, ஒன்றிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் போட வேண்டும். பேரேட்டில் நூறாம் பக்கத்தை மட்டும் திறந்து சரிபார்க்க முடியாது. முன் பக்கத் தொகை வேண்டும். வட்டப் பை விஷயத்தில் இது விதி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1995-இல் சைமன் ப்ளூஃப் என்பவர் கம்ப்யூட்டரை விட்டுத் தேடி ஒரு சூத்திரத்தைப் பிடித்தார். பெய்லி, போர்வெய்ன் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்டார். லஞ்ச் அவரில் நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். முதல் வரி: 4-லிருந்து 2/4, 1/5, 1/6 மூன்றையும் கழியுங்கள். 3.13333. இரண்டாம் வரி: கீழே இருக்கும் எண்களோடு எட்டெட்டு கூட்டுங்கள்; 4/9-லிருந்து 2/12, 1/13, 1/14 கழித்து, வருவதைப் பதினாறால் வகுங்கள். 0.00809. மூன்றாம் வரி: இன்னொரு எட்டு, 4/17-லிருந்து 2/20, 1/21, 1/22 கழித்து, பதினாறால் இரண்டு தடவை வகுங்கள். 0.00016. மூன்றையும் கூட்டினால் 3.14158-ஐத் தாண்டி 3.14159-ஐ நெருங்கிவிடுகிறது. மூன்றே வரி!

கவனித்தீர்களா, ஒவ்வொரு வரிக்கும் பதினாறு. தாத்தாவின் பதினாறு. விஷயமே அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டை விட்டுவிட்டு, பதினாறு பதினாறாகவே உடைத்துக்கொண்டு போனால் வட்டப் பை 3, அப்புறம் 2, 4, 3, 15, 6, 10, 8, 8, 8, 5 என்று ஓடும். (கம்ப்யூட்டர்காரர்கள் பத்துக்கு ஏ, பதினைந்துக்கு எஃப் என்று எழுதுவார்கள். 1993-இல் புரூஸ் ஷ்னையர் 'ப்ளோஃபிஷ்' என்ற ரகசியப் பூட்டைச் செய்தபோது, ஆரம்ப எண்களை இந்த வரிசையிலிருந்துதான் எடுத்தார். தான் உள்ளே எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று காட்டத்தான்!) இந்த வரிசையில் ஆயிரம் இலக்கம் தாண்டி அடுத்தது என்ன என்று தெரிய வேண்டுமா? மொத்தத்தையும் பதினாறால் ஆயிரம் தடவை பெருக்கி, முழு ரூபாய்களை எல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, சில்லறையை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த ராட்சச எண்ணைப் பெருக்க வேண்டாமா? வேண்டாம். மூன்றாம் வரியில் கீழே 17 இருக்கிறது. பதினாறை 17-ஆல் வகுத்தால் மீதி 16. பதினாறு பதினாறு 256, மீதி 1. மறுபடி பெருக்கினால் மீதி 16, அப்புறம் 1. இப்படியே மாறி மாறி. அந்த வரிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வகுத்தாயிற்று, பாக்கி 998 தடவை. 998 இரட்டைப்படை, ஆக மீதி 1. ஆயிரத்து இருநூறு இலக்கத்துக்கு மேல் நீளமான எண்ணை எழுதாமலே சில்லறையைச் சொல்லியாயிற்று. கண்டக்டர் மட்டும் இந்த வேகத்தில் சில்லறை கொடுத்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

ஆக, முன் பக்கத் தொகை இல்லாமலே நூறாம் பக்கத்தைத் திறக்கலாம். ஆனால் பேரேடு அணாவில் எழுதியிருக்க வேண்டும்! பத்தடிமானத்துக்கு இத்தனை லேசான சூத்திரம் கிடைக்கவில்லை. வட்டப் பை எங்கேயும் மாறவில்லை, அதே ஆள்தான். பத்தில் கேட்டால் வரிசையில் நின்று வா என்கிறது. பதினாறில் கேட்டால் பின் கதவைத் திறக்கிறது.

2022-இல் எம்மா ஹருகா இவாவோ என்ற கூகுள் பெண்மணி 100 லட்சம் கோடி இலக்கம் வரை போட்டார். 157 நாளைக்கு மேல் ஆனது. வேறொரு வழியில் போட்டுவிட்டு, கடைசிப் பக்கம் சரிதானா என்று சரிபார்த்தது இந்தப் பதினாறு சூத்திரத்தை வைத்துத்தான். ஷாங்க்ஸுக்கு இது கிடைத்திருந்தால், மொத்த ஆயுளையும் பணயம் வைக்காமல் கடைசிப் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்திருப்பார்.

இன்னொரு கோஷ்டி நடுவில் எதையும் போடவே இல்லை. காலின் பெர்சிவல் என்ற மாணவர் 1,246 பேரைச் சேர்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட இரண்டாயிரம் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தைக் கடன் வாங்கி, ஒன்றும் பூஜ்யமுமாக எழுதினால் ஆயிரம் லட்சம் கோடியாவது இடத்தில் வட்டப் பைக்கு என்ன இருக்கிறது என்று தேடினார். செப்டம்பர் 2000-இல் விடை வந்தது.

பூஜ்யம்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா மாமா ரெண்டாயிரம் கம்ப்யூட்டர்?" "ஒன்றாக இருந்திருந்தா மட்டும் என்னடா பண்ணியிருப்பே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அப்போதும் சிரித்திருப்பேன் என்றான்.

மறுநாள் பழைய பேப்பர்காரர் வந்தார். ஹார்மோனியத்தை அவரும் வேண்டாம் என்றுவிட்டார். அம்மா பேரேட்டையும் தராசில் வைக்கப் போக, பையன் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டான். அன்றிலிருந்து தினம் பத்துப் பக்கம் கூட்டிப் பார்க்கிறான். மொபைல் கால்குலேட்டருக்கு அணா தெரியாது என்பதால் கையாலேயே போடுகிறான். நேற்று ராத்திரி நான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பேரேட்டோடு வந்து நின்றான்.

"மாமா, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு பை இடிக்குது."

"நல்லாப் பார்த்தியா? தாத்தாவாவது, விடறதாவது!"

"மூணு தடவை கூட்டிட்டேன்."

இப்போது நானும் ஒரு தடவை கூட்டியிருக்கிறேன். எனக்கு இரண்டு பை இடிக்கிறது. அடுத்த வாரத்துக் கட்டுரை தாமதமாக வந்தால் ஆசிரியர் மன்னிக்கவும். சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.